அலமாரியின் மேல்தட்டு பூட்டு ஆகாது

கேள்வி: டல்லாஸ் புறநகரில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. அதன் பிறகு, எங்களுக்கு க்ரீன் கார்டு வந்த கையோடு, கணவர் 9 எம்.எம். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார். மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் உறை) உள்ளே போட்டு, வாங்கின பிளாஸ்டிக் பெட்டியிலேயே துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். "அவங்களுக்கு எட்டாது, அது இருக்கிறதே தெரியாது" என்கிறார். அடுத்த மாதம் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வருகிறார்கள். எப்படி வைத்தால் பாதுகாப்பு?

பதில்: மற்றதெல்லாம் பிறகு. இன்றிரவு பிள்ளைகள் தூங்கியதும் அந்தத் துப்பாக்கியைக் காலி செய்து பூட்டச் சொல்லுங்கள். காலி செய்வதில் ஒரு வரிசை இருக்கிறது. அது மாறினால் விபத்து நேரலாம்.

முதலில் துப்பாக்கியின் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் வெறும் ஜிப்சம் பலகை. 9 எம்.எம். தோட்டா அப்படிப்பட்ட பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். "சுவரைப் பார்த்துப் பிடித்தேன்" என்பது காப்பு ஆகாது, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் படுக்கை இருக்கலாம். கடையில் கிடைக்கும் 5 கேலன் வாளியில் விளிம்புவரை மணல் நிரப்பி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். துப்பாக்கியைக் கையாளும்போதெல்லாம் குழாய் அந்த மணலைப் பார்த்து இருக்கட்டும். விரல் விசைக்கு (டிரிகர்) வெளியே, துப்பாக்கி உடலின் பக்கவாட்டில் நீட்டி இருக்க வேண்டும்.

இனி வரிசை. மேகசினை முதலில் உருவி எடுத்துத் தள்ளி வைக்க வேண்டும். அடுத்து ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதியை, முழுக்கப் பின்னால் இழுக்க வேண்டும். அறையில் (குழாயின் பின்முனையில், சுடப்போகும் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இருந்தால் துள்ளி வெளியே விழும், அதைப் பாய்ந்து பிடிக்கப் போக வேண்டாம். இரண்டு மூன்று முறை இழுத்த பிறகு ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்திப் பூட்டி, வெளிச்சத்தில் அறைக்குள் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, சுண்டுவிரல் நுனியை உள்ளே விட்டுத் தொட்டும் பார்க்க வேண்டும்.

இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் உண்டு. முதலில் ஸ்லைடை இழுத்து அறையிலிருந்த தோட்டாவை வெளியேற்றுவார்கள், பிறகு மேகசினை எடுப்பார்கள். ஆனால் ஸ்லைடு முன்னே திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிவிட்டிருக்கும். மேகசின் கையில், துப்பாக்கி காலி என்ற நம்பிக்கை மனதில், தோட்டா அறையில். மேகசின் வெளியே இருந்தாலும் அறையில் தோட்டா இருந்தால் பல மாடல்கள் சுடும். "காலித் துப்பாக்கிதானே என்று நினைத்தோம்" என்று சொல்லப்படும் விபத்துகளில் இந்த ஒற்றைத் தோட்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த பிளாஸ்டிக் பெட்டியை நன்றாகத் துழாவிப் பாருங்கள். 2005இல் வந்த மத்தியச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டையோ பாதுகாப்புச் சாதனத்தையோ கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது பிரிக்காத உறையிலேயே கிடக்கும்: ஏறக்குறைய ஒன்றேகால் அடி நீளத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி, முனையில் சின்னப் பூட்டு, இரண்டு சாவி. அதுதான் கேபிள் லாக். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, தோட்டா வெளியேறும் வாய் வழியாகக் கம்பியை நுழைத்து, கைப்பிடிக்குள் மேகசின் போகும் வழியில் கீழே இழுத்துப் பூட்ட வேண்டும். கம்பி நடுவில் நிற்பதால் ஸ்லைடு மூடாது, மேகசினும் ஏறாது. விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் மட்டும் கம்பியைச் சுற்றிவிட்டு "பூட்டியாச்சு" என்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பூட்டிய துப்பாக்கி சுடும். பூட்டு கிடைக்காவிட்டால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் கேளுங்கள். பிராஜெக்ட் சைல்ட்சேஃப் என்ற துப்பாக்கிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பல இடங்களில் இலவசமாகத் தருகிறார்கள்.

விசையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் டிரிகர் லாக்கும் உண்டு. உங்கள் வீட்டுக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். தோட்டா உள்ளே இருக்கும்போது அதை மாட்டினாலோ கழற்றினாலோ, அந்தப் பூட்டே விசையை அழுத்திவிடக்கூடும்.

இனி உங்கள் கணவரின் வாதம். எட்டாது, தெரியாது. இரண்டும் ஆராய்ந்து பார்க்கப்பட்டவை. அலபாமாவின் கிராமப் பகுதியில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டு 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் "எனக்குத் தெரியும்" என்றார்கள். தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள் எடுத்துப் பார்த்திருந்தார்கள். தீபாவளிக்கு வாங்கிய சாக்லெட் டப்பாவை எங்கே ஒளித்தீர்கள் என்று உங்கள் மகனைக் கேட்டுப் பாருங்கள். மேல்தட்டு வரைக்கும் அவன் என்றைக்கோ போய் வந்திருப்பான்.

"சின்னக் கை, விசையை இழுக்க முடியாது" என்ற நம்பிக்கையும் வேண்டாம். 1995இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து இழுக்கும்போது 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ அளவு இழுப்புப் பலம் கொடுக்க 3–4 வயதுப் பிள்ளைகளில் 25 சதவீதம் பேரால் முடிந்தது. 5–6 வயதில் 70 சதவீதம், 7–8 வயதில் 90 சதவீதம். இன்றைய 9 எம்.எம். துப்பாக்கிகள் பலவற்றுக்கு அதில் ஏறத்தாழ பாதிப் பலமே போதும். இன்னொன்றும் உண்டு. கைப்பிடியைச் சரியாகப் பிடிக்க வராத குழந்தை துப்பாக்கியைத் திருப்பிக் கட்டைவிரலால் அழுத்தும். அப்போது குழாய் அதன் முகத்தையோ மார்பையோ பார்த்திருக்கும். இதனால்தான் நாலு வயது மகளைப் பற்றி எங்களுக்குக் கூடுதல் கவலை.

எந்தப் பெட்டி வாங்குவது?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை தெளிவானது. குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி இல்லாதிருப்பதே நல்லது. இருந்தே தீருமென்றால் காலி செய்து, பூட்டி வைக்க வேண்டும், தோட்டாக்களைத் தனியே இன்னொரு பூட்டில் வைக்க வேண்டும். 2005இல் வந்த ஒரு பெரிய ஆய்வு இந்த நான்கையும் தனித்தனியே அளந்தது: துப்பாக்கிக்குப் பூட்டு, காலியாக வைப்பது, தோட்டாவுக்குப் பூட்டு, இரண்டும் வேறு வேறு இடம். ஒவ்வொன்றும் பாதுகாப்போடு தொடர்புடையதாகத் தெரிந்தது. ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு பெட்டிகள், ஒன்றல்ல. தோட்டாவுக்குச் சாதாரணச் சாவிப் பெட்டி போதும். துப்பாக்கிக்கு மெல்லிய தகரம் வேண்டாம்.

மலிவான மின்னணுப் பெட்டிகள் சிலவற்றில் தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு ஊசி மட்டுமே. பெட்டியைச் சற்றுத் தூக்கித் தொப்பென்று வைத்தால் அந்த ஊசி ஒரு நொடி துள்ளும், அதே நேரம் கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறந்துவிடும். சின்னப் பிள்ளையே இதைச் செய்துவிடும். வாங்கியதும் காலிப் பெட்டியாக மூடி, மேலே உள்ளங்கையால் ஓங்கித் தட்டிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள், இருபது முப்பது முறை. ஒருமுறை திறந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கைரேகைப் பெட்டியைப் பலரும் விரும்புகிறார்கள். 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏறக்குறைய 61,000 கைரேகைப் பெட்டிகள் திரும்பப் பெறப்படுவதை அறிவித்தது. உரியவரல்லாத கைக்கும் அவை திறந்ததுதான் காரணம். சில மாடல்களில் ரேகை சரியாகப் பதியாதவரை எந்த விரல் வைத்தாலும் பூட்டு திறக்கும், வாங்கியவர் பதிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். கைரேகைப் பெட்டிதான் வேண்டுமென்றால் உங்கள் இருவரின் பதியாத விரல்களையும், பிறகு பிள்ளைகளின் பத்து விரல்களையும் காலிப் பெட்டியில் வைத்துச் சோதியுங்கள். பாத்திரம் கழுவிய ஈரக்கையை அது பெரும்பாலும் ஏற்காது என்பதையும் அப்போதே பார்த்துவிடுவீர்கள்.

எங்கள் தேர்வு, பேட்டரியே இல்லாமல் ஐந்து பொத்தான்களை அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு. இருட்டில் தடவியே திறக்கலாம், பழகிவிட்டால் நாலைந்து விநாடி போதும். "திருடன் வந்தால் பெட்டியைத் திறந்துகொண்டிருக்க முடியுமா?" என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான், இந்தப் பூட்டே அதற்குப் பதில். அதற்கும் மேல், தோட்டாவையும் கூடவே வைத்தாக வேண்டும் என்று அவர் நின்றால், அந்தப் பெட்டிக்குள், அறையில் தோட்டா இல்லாமல், மேகசினைத் தனியே பக்கத்தில் வைப்பதுவரைதான் இறங்கி வரலாம். அது சமரசம், எங்கள் பரிந்துரை அல்ல.

பெட்டியைத் தரையோடோ சுவர்ச் சட்டத்தோடோ உள்ளிருந்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஜிப்சம் பலகையில் அடித்த திருகு நிற்காது. உள்ளே வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டத்தைத் தேடி அதில் இறக்குங்கள். கட்டாத பெட்டியைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் நிதானமாக நோண்டுவார்கள்.

எண்ணாகப் பிறந்தநாள் வேண்டாம், ஐபேட் திறக்கும் எண்ணும் வேண்டாம். மாற்றுச் சாவியைக் கார் சாவிக் கொத்தில் கோர்க்காதீர்கள், மகள் விளையாடக் கேட்கும் கொத்து அதுதான். சமையலறை இழுப்பறையும் வேண்டாம். அலுவலக மேசையிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும்.

நல்ல பெட்டி வாங்கியவர்கள் வீட்டிலும் தவறு நடப்பது, துப்பாக்கி பெட்டிக்கு வெளியே இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். பயிற்சிக் கூடத்திலிருந்து வந்து பையைச் சோபாவில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவது. காரின் நடுப்பெட்டியில் விட்டுவிட்டுப் பெட்ரோல் போட இறங்குவது. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடைக்குள் இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்தது, தாய் அந்த இடத்திலேயே இறந்தார். துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டுக்குள் இருக்க வேண்டும். மேசை, பை, தலையணைக்கடி எதுவுமே கூடாது.

பிள்ளைகளிடம் சொல்லலாமா என்றால், சொல்லத்தான் வேண்டும். "துப்பாக்கி மாதிரி எதைப் பார்த்தாலும் தொடாதே. அந்த இடத்தை விட்டு வந்துடு. உடனே அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ சொல்லு. சொன்னா திட்ட மாட்டோம்." மாதம் ஒருமுறை இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், திட்டுக்குப் பயந்த பிள்ளை மறைக்கும். ஆனால் இதை நம்பிப் பூட்டைத் தளர்த்தக் கூடாது. 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், 8 முதல் 12 வயதுச் சிறுவர்களைச் சுட முடியாதபடி செய்த நிஜத் துப்பாக்கி மறைத்து வைத்த அறையில் விட்டுக் கவனித்தார்கள். கண்டெடுத்த 48 பேரில் 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை இழுத்தார்கள். அப்படிச் செய்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்.

மாமனார் மாமியார் விஷயம். சுற்றுலா விசாவில் வருகிறவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4 விசாக்காரர்களுக்கும் அப்படித்தான். வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு தனக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்காமல் யாரும் முடிவெடுக்க வேண்டாம். ஆகவே பெட்டியின் எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள், "மாமா, பாருங்க" என்று கையில் கொடுக்கவும் வேண்டாம். வீட்டில் அது இருக்கிறது என்பதையும், எந்த அலமாரியை யாரும் திறக்கக் கூடாது என்பதையும் மட்டும் வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

டெக்சஸ் சட்டத்தில் குழந்தை என்றால் 17 வயதுக்குக் கீழே. தோட்டா போட்ட துப்பாக்கியை அவர்கள் கைக்குக் கிடைக்கும்படி அலட்சியமாக விட்டு, பிள்ளை அதை எடுத்தால் 500 டாலர் வரை அபராதம். பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர் போனாலோ கடுமையான காயம் ஏற்பட்டாலோ ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும். அறையில் தோட்டா இல்லை, மேகசினில்தான் இருந்தது என்று வாதிட முடியாது, சட்டம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது.

பிள்ளைகள் விளையாடப் போகும் வீடுகளிலும் கேட்க வேண்டும். சங்கடமாக இருக்கும். முதலில் உங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால் எளிது: "எங்க வீட்ல துப்பாக்கி இருக்கு, பூட்டிதான் வச்சிருக்கோம். உங்க வீட்லயும் இருந்தா பூட்டிதானே இருக்கும்?" ஒவ்வாமையைப் பற்றிக் கேட்பது போல அதே குரலில் கேளுங்கள். பதில் இழுபட்டால் "இந்தத் தடவை எங்க வீட்டுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் யோசித்த பிறகு வேண்டாம் என்று இருவருமே முடிவெடுத்தால், உரிமம் பெற்ற கடையில் விற்கலாம், அல்லது காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். 911 அல்லாத எண்ணில் முன்கூட்டியே அழைத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குள் நுழைய வேண்டாம்.