பெரியப்பா சொன்னார் என்பதற்காக ஆறு வருடமா?

போன சனிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அம்மா, மகளை மேலே என்ன படிக்க வைப்பது என்று யோசனை கேட்க, மகளோடு என்னிடம் வந்திருந்தார். பிள்ளைக்குப் பதினேழு வயது, அடுத்த வருடம் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு. அம்மா உட்கார்ந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார். நானும் தண்ணீர் கொடுத்து, பயப்படாதீங்க அக்கா, எல்லாம் சரியாகும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர்கள் போட்டிருக்கிற திட்டத்தைக் கேட்டபோது எனக்கே பயம் வந்துவிட்டது.

திட்டம் பெரியப்பாவுடையது. அவர் மகன் ஜோகன்னஸ்பர்க்கில் டாக்டர். இங்கே குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம், வீட்டுக் கடன் பாண்ட் இன்னும் முடியாவிட்டால் என்ன, அதன் மேலேயே இன்னொரு கடன் வாங்கலாம், "ஒரு டாக்டர் வந்தால் கடன் எல்லாம் ஊதிப் போயிடும்" என்கிறாராம். அக்கா, இதை நேரிலேயே சொன்னேன், இங்கே எழுத்திலும் சொல்கிறேன்: அந்தக் கடனை வாங்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வருபவர்கள் இங்கே எச்.பி.சி.எஸ்.ஏ. என்கிற மருத்துவத் தொழில் பதிவுக் கவுன்சில் வைக்கும் தேர்வில் தேறியாக வேண்டும், அதன் பிறகு இன்டர்ன்ஷிப்புக்கு இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். உள்நாட்டில் படித்தால் மட்டும் என்ன? படிப்பு ஆறு வருடம், இன்டர்ன்ஷிப் இரண்டு, சமூகச் சேவை ஒன்று, மொத்தம் ஒன்பது. அதையெல்லாம் முடித்த பிறகும் அரசிடம் பணமில்லை என்று வேலை கிடைக்காமல் நின்ற டாக்டர்களைக் கொஞ்ச வருடமாகச் செய்தியில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். வட்டி மட்டும் நிற்காது.

பணத்தை விடுங்கள், அது பாதிக் கதைதான். இவ்வளவும் பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அவள் கையிலிருந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். நான் பதினெட்டு வருடம் லைஃப் சயன்ஸ் நடத்தியவள். பிள்ளைகள் செல் வரைந்தால் பொரித்த முட்டை மாதிரி ஒரு வட்டம், நடுவில் ஒரு மஞ்சள் கரு, அவ்வளவுதான் இருக்கும். இவள் நோட்டில் ஒரு ஊரே இருந்தது. கருவைச் சுற்றி மடிப்பு மடிப்பாக எண்டோபிளாஸ்மிக் வலை என்கிற சவ்வு, அதன் மேல் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் புள்ளிகள், அங்கிருந்து கிளம்பும் சவ்வுப் பைகள், அவற்றை வாங்கித் தரம் பிரித்து அனுப்பும் கோல்கை, பழுதானதை அரைத்துப் போடும் லைசோசோம். பைகள் தானாக மிதந்து போவதாகவும் அவள் வரையவில்லை. நுண்குழல்களைத் தண்டவாளம் மாதிரிப் போட்டு, அதன் மேல் கைனசின் என்கிற புரதம் இரண்டு காலால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை வரைந்திருந்தாள். ஓரத்தில் 'ஒரு அடி 8 நானோமீட்டர்' என்று பென்சிலில் ஒரு குறிப்பு வேறு. இது பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததில்லை.

"டாக்டராக வேண்டாமா?" என்றேன். "ஆளுங்க கூட நாள் முழுக்கப் பேசணும்னா பயமா இருக்கு ஆன்ட்டி. மைக்ரோஸ்கோப் முன்னாடின்னா எத்தனை மணி நேரம் வேணும்னாலும் உட்காருவேன்" என்றாள். அம்மா இதை முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி திரும்பிப் பார்த்தார்.

சரி, அப்படியானால் வேறு என்ன? பார்மசி, பிசியோ, அக்கவுண்டிங் எல்லாம் சொந்தக்காரர்களே பட்டியல் போட்டுத் தந்துவிடுவார்கள், அதற்கு நான் வேண்டாம். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: மெடிக்கல் லேபரட்டரி சயன்ஸ். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, நாலு வருடப் பட்டப்படிப்பு, அதில் ஒரு பகுதி உண்மையான லேபில் நின்று செய்யும் பயிற்சி. வீட்டிலிருந்தே போய் வரலாம். முடித்ததும் எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு செய்துகொண்டு டெக்னாலஜிஸ்ட் வேலைக்குப் போகலாம். டெக்னீஷியன் வேறு, டெக்னாலஜிஸ்ட் வேறு, விண்ணப்பிக்கும்போது இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"ரத்தம் எடுக்கிற வேலையா?" என்று அம்மா முகம் சுளித்தார். இல்லை அக்கா. ஒருவர் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது என்று வையுங்கள். சர்ஜன் ஒரு சின்னத் துண்டை வெட்டி, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்புவார். லேபில் அதன் நீரை ஆல்கஹாலால் எடுத்துவிட்டு மெழுகு ஏற்றுவார்கள், அப்புறம் மைக்ரோடோம் என்கிற சீவும் கருவியில் வைத்து 3, 4 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுவார்கள். தலைமுடியைப் பதினைந்து இருபதாகப் பிளந்தால் வரும் தடிமன் அது. வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தச் சீவலை மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடித் துண்டில் ஏந்த வேண்டும், கைப்பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். சாயம் போட்டால் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியவில்லை. மருந்தோ அதைப் பொறுத்துத்தான்.

அங்கேதான் செல்லைத் தாங்கி நிற்கும் இழைச் சட்டகம் கைகொடுக்கிறது, உங்கள் பிள்ளை வரைந்த நுண்குழல்கள் அதில் ஒரு பகுதி. செல்லுக்குள் மூன்று வகை இழை உண்டு: சுமார் 7 நானோமீட்டர் ஆக்டின், 25 நானோமீட்டர் நுண்குழல், இரண்டுக்கும் நடுவே 10 நானோமீட்டரில் இடைநிலை இழைகள். ஆக்டினும் நுண்குழலும் எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இடைநிலை இழை மட்டும் திசுவுக்குத் திசு மாறும். தோல், குடல் போன்ற மேற்பரப்புச் செல்களில் சைட்டோகெராட்டின், தசையில் டெஸ்மின், நரம்புச் செல்லில் நியூரோஃபிலமென்ட். செல் புற்றாக மாறிய பிறகும் பெரும்பாலும் இந்த அடையாளம் அழியாது. அதனால் டெக்னாலஜிஸ்ட் ஒவ்வொரு இழையையும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்கிற புரதத்தை அந்தச் சீவலில் போட்டுப் பார்க்கிறார், எது பழுப்பாக நிறம் ஏறுகிறதோ அது கட்டியின் பிறந்த வீட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். அறிக்கையில் கையெழுத்துப் போடுவது திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட் டாக்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் சாயம் தவறினால் அந்த டாக்டருக்கும் வழி தெரியாது.

இன்னும் ஒன்று. அடிக்கடி சளியும் மார்புத் தொற்றுமாக வருகிற குழந்தைகளில் சிலருக்கு, மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்களே பிறவியிலிருந்து பழுதாக இருக்கும். அந்த மயிரைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வட்டமாக ஒன்பது ஜோடி நுண்குழல், நடுவே இரண்டு, ஜோடிகளிலிருந்து நீளும், மயிரை அசைக்கும் டைனீன் என்கிற புரதக் கைகள். பல பேருக்கு அந்தக் கைகள்தான் இருக்காது. சவ்வுகள் தெரிவதற்கு ஆஸ்மியம் என்ற உலோகத்தின் சேர்மம் ஒன்றைப் போடுவார்கள். அது கொழுப்பைப் பிடித்துக்கொண்டு சவ்வுகளை எல்லாம் கறுப்புக் கோடாக்கிவிடும். விஷம், அதனால் புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் தொடுவார்கள். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எல்லா லேபிலும் இருக்காது. இருக்கிற இடத்துக்குப் போக இந்தப் பட்டம் ஒரு வழி, மேலே முதுகலை படிக்கவும் தடை இல்லை.

பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டாராம். அவரிடம் ஆரன் க்ளக் கதையைச் சொல்லுங்கள். லித்துவேனியாவில் பிறந்து இரண்டு வயதில் டர்பனுக்கு வந்தவர், டர்பன் ஹை ஸ்கூலில் படித்தார் (நம் இந்தியப் பிள்ளைகளை வாசலில்கூட விடாத காலம் அது, அது தனிக் கதை). விட்வாட்டர்ஸ்ரேண்டில் மருத்துவத்துக்கான முன்படிப்பில்தான் சேர்ந்தார். அடிப்படை போதவில்லை என்று வேதியியல் பக்கம் போனார், அங்கிருந்து இயற்பியலும் கணிதமும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களிலிருந்து மூலக்கூறின் வடிவத்தைக் கணக்கிட்டு எடுக்கும் முறைக்காக 1982இல் வேதியியல் நோபல் வாங்கினார். 1974இல் லிண்டா ஏமஸோடு சேர்ந்து, அந்த நுண்குழலில் டியூபுலின் என்கிற புரதம் எப்படி அடுக்கியிருக்கிறது என்று காட்டியவரும் அவர்தான். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே ஒரு மைக்ரோஸ்கோப் மையம் இருக்கிறது. டாக்டராகவில்லையே என்று அவரைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டவில்லை.

சம்பளம் டாக்டருக்கு வருகிற அளவு வராது, பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி ஷிஃப்ட் உண்டு, உங்கள் பெயர் நோயாளிக்குத் தெரியவே தெரியாது. அரசுப் பக்கம் வேலை கொடுப்பது என்.எச்.எல்.எஸ். என்கிற தேசிய லேப் சேவை, அங்கேயும் இடம் திறக்கக் காத்திருக்க நேரலாம், தனியார் லேப்கள் வேறு இருக்கின்றன. ஆனால் கடனில்லாமல் இருபத்திரண்டு வயதில் கையில் ஒரு பதிவுள்ள தொழில்.

இப்போது செய்ய வேண்டியது: கணக்கு கஷ்டமாக இருக்கிறது என்று மேத்ஸ் லிட்ரசி என்கிற எளிய கணக்குப் பாடத்துக்கு மாற்றலாமா என்று கேட்டீர்களே, கூடாது. மாற்றினால் இந்தக் கதவும் அடைபடும், மருத்துவமும் அடைபடும். விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்கிற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான், கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்கிற அரசு மாணவர் உதவித் திட்டத்துக்கும் கூடவே போடுங்கள், இரண்டாவது பாண்ட் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

பெரியப்பாவை அடுத்த சனிக்கிழமை அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன். பிள்ளையை அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். கோல்கையைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், வாங்கும் பக்கம்தான் எண்டோபிளாஸ்மிக் வலையைப் பார்த்து இருக்க வேண்டும்.