நோயாளி அடித்தால் யாரும் பொறுப்பில்லையா?

கேள்வி: தனியார் மனநல மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சம்பளம் 17,500 ரூபாய், இஎஸ்ஐ பிடிக்கிறார்கள். போன மாதம் நைட் டூட்டியில் ஒரு நோயாளி தாக்கி மணிக்கட்டு முறிந்துவிட்டது. வார்டில் 30 பேருக்கு நானும் ஓர் அட்டெண்டரும்தான். "மனநோயாளி அடித்ததற்கு யாரும் பொறுப்பில்லை, சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்கிறது நிர்வாகம். போலீசுக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. தான் என்ன செய்கிறோம் என்றே புரியாத மனநிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவு. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அது நர்ஸுகளுக்கும் பொருந்தும். நோயாளியின் உறவினர் யாராவது கைநீட்டினால் அந்தச் சட்டத்தில் புகார் கொடுங்கள்.

சரி, நோயாளி குற்றவாளி இல்லை. அதற்காக யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா? வேலையால், வேலை நேரத்தில் பட்ட காயம் இது. யார் தவறு என்று பார்க்கத் தேவையே இல்லை. நிர்வாகம் இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கை அனுப்பியாக வேண்டும். இழுத்தடித்தால் முதல் நாள் சிகிச்சைச் சீட்டோடு நீங்களே கிளை அலுவலகத்துக்குப் போங்கள். வேலைக்குத் திரும்ப முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். கை பழையபடி வரவில்லை என்றால் மெடிக்கல் போர்டு முன்னால் நிரந்தர ஊனத்துக்கும் கேட்கலாம். நீங்கள் போட்ட கையெழுத்தால் இந்த உரிமை போய்விடாது.

அப்புறம், அதே வார்டுக்குத்தானே திரும்பப் போகிறீர்கள்? எனக்கு அதுதான் கவலை. ஆள் இல்லை என்று நோயாளிகளைக் கட்டிப்போடுவதும் தீர்வு இல்லை. 2001-இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியில்லாமல் கருகினார்கள். 28 உயிர் போனது. இன்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடுக்கிறது. வேறு வகையில் கட்டுப்படுத்துவதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி யாரையும் கட்டிப்போடக் கூடாது என்கிறது 97-ஆவது பிரிவு. நோயாளிக்காக எழுதிய வரிதான், ஆனால் உங்களுக்கும் உதவும். கட்டியும் போடக் கூடாது என்றால் நிர்வாகம் ஆள் போட்டுத்தானே ஆக வேண்டும்? சம்பவத் தேதி, நோயாளிகள் எண்ணிக்கை, டூட்டியில் இருந்தவர்கள் என எல்லாம் எழுதி, கூடுதல் அட்டெண்டரும் அபாய மணியும் கேட்டுக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் கொடுங்கள். நகலில் சீல் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாநில மனநல ஆணையத்துக்கு எழுதுங்கள். யார் புகார் கொடுத்தாலும் ஆய்வுக்கு உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அந்த இரவின் சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். செல்போனில் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்; நோயாளியின் படம் வெளியே போனால் புகார் உங்கள் மேல் திரும்பும்.