ஆயிரம் பக்கம் ஏற்றினால் ஆர்டர் கூடுமா?
வாசகர் கேள்வி - நிபுணர் பதில்

ஆன்லைன் கடை நடத்தும் வாசகர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: கூகுள் தேடலில் ஆள் வர வேண்டும் என்று நூற்றுக்கணக்கில் பக்கங்களைத் தயாரித்து ஏற்றுவது. பதில்களில் வரும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. அந்த இடங்களில் உங்கள் கடையின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 300 பக்கங்கள் எழுதித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. பக்கத்துக்கு 500 கேட்கிறார்கள். மாதம் 60,000-க்கு விற்பனை வரும், மூன்று மாதத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

அவர்கள் விற்பனையை லாபமாக எண்ணுகிறார்கள். அதே எண்களை வைத்துக்கொண்டு கணக்கை முழுசாகப் போடுவோம்.

300 பக்கத்துக்குச் செலவு 1,50,000. மாதம் 6,000 கிளிக் வருகிறது, நூற்றில் ஒருவர் வாங்குகிறார், சராசரி ஆர்டர் 1,000 என்று வைத்தால் 60 ஆர்டர், 60,000 விற்பனை. இதில் பொருளின் அடக்க விலை, பேக்கிங், கூரியர், பேமெண்ட் கட்டணம், திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் எல்லாம் போய்க் கையில் நிற்பது 20 சதவீதம் என்றால் 12,000தான் வரவு.

இன்னும் இரண்டு கழித்தல் உண்டு. புதுப் பக்கத்துக்கு வந்த ஆள் எல்லோருமே புது ஆள் இல்லை. முன்பு உங்கள் கேட்டகிரி பக்கத்துக்கோ பொருள் பக்கத்துக்கோ வந்துகொண்டிருந்தவரைத்தான் புதுப் பக்கம் இழுத்திருக்கும். அதைக் கால் பங்கு என்று வைத்தால் மிஞ்சுவது 9,000. அடுத்தது பராமரிப்பு. விலை மாறும், சரக்கு தீரும், மாடல் நின்றுபோகும், இணைப்பு உடையும். 300 பக்கத்தைப் பழுதில்லாமல் வைக்க மாதம் 3,000 ஆகும் என்றால் நிகர வரவு 6,000.

1,50,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் 25 மாதம். அதுவும் முதல் மாதமே 6,000 கிளிக் முழுசாக வந்தால். புதுப் பக்கங்கள் இண்டெக்ஸ் ஆகி (கூகுளின் தேடல் பட்டியலில் சேர்ந்து) ஓர் இடத்தில் நிலைக்கச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தக் காலத்தில் பராமரிப்புச் செலவு மட்டும் ஓடும்.

25 மாதம் என்பது எல்லாக் கடைக்கும் மோசமான விடை இல்லை. ஐந்து வருடம் மாறாத சரக்கு விற்பவருக்கு அது நல்ல முதலீடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடல் மாறும் சரக்கு விற்பவருக்கு வேண்டாத வேலை. அந்த நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: “முன்பு வேறு கடைகளுக்கு ஏற்றிய பக்கங்களில், ஓராண்டு கழித்தும் மாதம் ஒரு கிளிக்காவது வாங்கும் பக்கங்கள் எத்தனை சதவீதம்?” பதில் சொல்லத் தெரியாதவரிடம் 300 பக்கத்துக்கு ஒப்பந்தம் போடாதீர்கள்.

கேள்வி: எந்திரத்தை (ஏ.ஐ. கருவியை) வைத்து எழுதினால் செலவே இல்லையே. பிறகு எதற்கு இந்தக் கணக்கு?

எழுதுவது மொத்த வேலையில் ஒரு பகுதிதான். ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். எந்தத் தேடலுக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய 20 நிமிடம், எழுத 90, சரக்கு தெரிந்தவர் சரிபார்க்க 40, படத்துக்கு 30, ஏற்றி உள்ளிணைப்பு கொடுக்க 20. மொத்தம் 200 நிமிடம். எந்திரம் எழுதினால் 90 நிமிடம் 10 ஆகும். ஆனால் சரிபார்ப்பு 40-லிருந்து 60 ஆகிவிடும். இல்லாத அளவையும் பொருந்தாத உதிரிபாகத்தையும் எந்திரம் கூசாமல் எழுதும், ஒவ்வொரு வரியையும் சரக்கோடு ஒப்பிட்டாக வேண்டும். ஆக மொத்தம் 140 நிமிடம். மிச்சம் 30 சதவீதம். 90 சதவீதம் மிச்சம் என்று யாராவது சொன்னால் அவர் சரிபார்ப்பை விட்டுவிட்டார் என்று பொருள்.

விட்டால் அந்தச் செலவு வேறு வாசலால் வரும். தவறான அளவை நம்பி வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்புவார், இரண்டு வழிக் கூரியரும் உங்கள் தலையில். ஒரு திரும்பல், ஐந்தாறு ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடும் சரக்குகள் உண்டு.

கேள்வி: எந்திரம் எழுதியது என்று தெரிந்தால் கூகுள் தண்டிக்குமா?

எந்திரம் எழுதியது என்பதற்காக மட்டும் தண்டிப்பதில்லை. எப்படி எழுதப்பட்டது என்பதைவிடத் தரமே முக்கியம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் எழுத்துபூர்வமாகச் சொன்னது. ஆனால் 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளில் ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தது: தேடல் வரிசையைப் பிடிப்பதே முதல் நோக்கமாக, படிப்பவருக்குப் பயனில்லாத பக்கங்களை மொத்தமாகத் தயாரிப்பது விதிமீறல். மனிதர் எழுதினாலும், எந்திரம் எழுதினாலும், இருவரும் கலந்து எழுதினாலும் அதே விதிதான். ஒரே வார்ப்புருவில் ஊர்ப்பெயரையோ நிறத்தையோ மட்டும் மாற்றி 500 பக்கம் போடுவது இதில் நேராக மாட்டும்.

கூகுள் ஊழியர் பார்த்து எடுக்கும் கைமுறை நடவடிக்கை என்றால் சர்ச் கன்சோலில் (தளச் சொந்தக்காரருக்குக் கூகுள் தரும் இலவசக் கருவி) அதற்கான பகுதியில் அறிவிப்பு இருக்கும். சரிசெய்துவிட்டு மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பக்கங்களைத் தானாக வரிசைப்படுத்தும் அல்காரிதத்தால் சரிந்தால் அறிவிப்பும் வராது, விண்ணப்பிக்க வழியும் இல்லை. அந்தச் சரிவு புதிதாகப் போட்ட பக்கங்களோடு நிற்காமல், நன்றாக விற்றுக்கொண்டிருந்த பழைய பக்கங்களையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். இந்த அபாயத்தை எந்த ஏஜென்சியின் விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது. ஆனால் நீங்கள் தாங்கப்போகும் மிகப் பெரிய செலவு அதுவாக இருக்கலாம்.

கேள்வி: 40 கேட்டகிரி உள்ள கடை. சர்ச் கன்சோலில் “கண்டறியப்பட்டது, இண்டெக்ஸ் ஆகவில்லை”, “வந்து பார்த்தது, இண்டெக்ஸ் ஆகவில்லை” என்று லட்சக்கணக்கில் காட்டுகிறது. நாங்கள் அவ்வளவு பக்கம் போடவே இல்லையே?

நீங்கள் போடவில்லை, உங்கள் ஃபில்டர் போட்டிருக்கிறது. 12 நிறம், 8 அளவு, 6 வகை மூலப்பொருள், 5 விலை வரம்பு; ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலே 12×8×6×5 = 2,880 முகவரி. 40 கேட்டகிரிக்கு 1,15,200. விலை ஏறுவரிசை, இறங்குவரிசை, புதியது முதலில் என்று வரிசைப்படுத்தும் வசதியும் தனி முகவரி உண்டாக்கினால் இன்னும் பெருகும். இவற்றில் பாதிக்கு மேல் சரக்கே இல்லாத வெற்றுப் பக்கமாக இருக்கும்.

நீங்கள் சொன்ன இரண்டு நிலைகளுக்கும் காரணம் வேறு. முதலாவதில் முகவரி தெரியும், கூகுள் இன்னும் வந்து எடுக்கவில்லை: சர்வர் மெதுவாக இருக்கலாம், அல்லது இந்த முகவரிக் குவியலுக்கு நேரம் ஒதுக்கத் தேவையில்லை என்று முடிவு செய்திருக்கலாம். இரண்டாவதில் வந்து படித்துவிட்டு வேண்டாம் என்று விட்டிருக்கிறது. அது பெரும்பாலும் பக்கத்தின் உள்ளடக்கம் பற்றிய தீர்ப்பு, காத்திருந்தால் சரியாகாது. “இண்டெக்ஸ் செய்யக் கோரு” பொத்தானைத் தினமும் அழுத்துவதிலும் பயனில்லை. இண்டெக்ஸிங் ஏ.பி.ஐ. (நிரல் மூலம் கூகுளுக்கு முகவரி அனுப்பும் வசதி) வழியாக அனுப்பித் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். அது வேலைவாய்ப்பு அறிவிப்புக்கும் நேரலைக் காணொளிக்கும் மட்டுமே உரியது.

சரிசெய்யும் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில், மக்கள் உண்மையிலேயே தேடும் சேர்க்கைகளைத் தனியே எடுங்கள். “கறுப்புத் தோல் பெல்ட்” தேடப்படும். “கறுப்பு, 34 அங்குலம், இந்த விலைக்குள், புதியது முதலில்” என்று யாரும் தேட மாட்டார்கள். தேடப்படுவதும் குறைந்தது ஏழெட்டுச் சரக்காவது இருப்பதுமான சேர்க்கைக்கு மட்டும் நிலையான முகவரி, தனித் தலைப்பு, மெனுவிலிருந்து இணைப்பு, சைட்மேப்பில் (கூகுளுக்குத் தரும் முகவரிப் பட்டியல்) இடம் கொடுங்கள். சரக்கே இல்லாத சேர்க்கை 404 (பக்கம் இல்லை) காட்டட்டும். மீதி ஃபில்டர் முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் (எங்கே வரக்கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் கோப்பு) தடுக்கலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஏற்கெனவே இண்டெக்ஸ் ஆன முகவரிக்கு நோஇண்டெக்ஸும் (தேடலில் காட்டாதே என்ற கட்டளை) போட்டு, அதே நாளில் ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால், கூகுள் உள்ளே வரவே முடியாது. வர முடியாததால் நோஇண்டெக்ஸ் கட்டளையையும் படிக்காது, முகவரி தேடலில் அப்படியே கிடக்கும். முதலில் நோஇண்டெக்ஸ் மட்டும். அந்த முகவரிகள் தேடலிலிருந்து உதிர்ந்த பிறகு தடுப்பு. கேனானிக்கல் குறி (ஒரே மாதிரிப் பக்கங்களில் எது முதன்மை என்று சொல்வது) மட்டும் போட்டு நிறுத்துவதும் போதாது. கூகுள் அதை ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறது, கட்டளையாக இல்லை. தவிர, அந்தக் குறியைப் படிக்கவே ஒவ்வொரு முகவரியையும் வந்து எடுத்தாக வேண்டும்.

சைட்மேப் கோப்பு ஒன்றில் 50,000 முகவரி வரை வைக்கலாம். ஆனாலும் கேட்டகிரி பக்கம், பொருள் பக்கம், புதுத் தேடல் பக்கம் என்று தனித்தனிக் கோப்பாகப் பிரித்துச் சமர்ப்பியுங்கள். எந்தக் குழுவில் எத்தனை இண்டெக்ஸ் ஆகியிருக்கிறது என்பது அப்போதுதான் தனியே தெரியும். இவ்வளவு மலிவான அளவுகோல் வேறு இல்லை.

கேள்வி: தயாரிப்பாளர் தரும் விவரத்தையே எல்லாக் கடையும் போடுகிறது. நாங்களும் போட்டால் தவறா?

தண்டனை எதுவும் இல்லை. ஆனால் அதே விவரம் உள்ள 50 கடைகளில் உங்களைத் தேர்ந்தெடுக்கக் காரணமும் இல்லை. அதே வாக்கியத்தை வேறு சொற்களில் திருப்பி எழுதுவது வீண் செலவு, அதைச் செய்யாதீர்கள். உங்களிடம் மட்டும் இருப்பதைச் சேருங்கள்.

அது எங்கே கிடைக்கும்? சரக்கைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன காரணங்களில், வாட்ஸ்அப்பிலும் போனிலும் வாங்குமுன் கேட்ட கேள்விகளில், கிடங்கில் அளவுநாடாவை வைத்து நீங்களே எடுத்த அளவில். ஒரு ஃபைல் அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் வெளி அளவைத்தான் தருவார். உள் ஆழம் 28 செ.மீ. என்று நீங்கள் அளந்து எழுதினால் அது புதுத் தகவல். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ., ஆகவே ஃபைலை நீளவாக்கில் உள்ளே தள்ளி வைத்தால் கதவு மூடாது என்பதையும் சேர்த்தால், தேடுபவர் மனதில் இருந்த கேள்விக்கே அது விடை. திரும்பி வரும் சரக்கும் குறையும். தேடலில் ஒரு கிளிக் கூட அதிகமாகாவிட்டாலும் இந்த வேலை தன் செலவை மீட்டுவிடும். அதனால்தான் எந்தப் புதுப் பக்கத் திட்டத்துக்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்கிறோம். அதிகம் விற்கும் 100 பொருளோடு தொடங்குங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கேள்வி-பதில் பகுதி வைத்தால் தேடலில் பெரிதாகத் தெரியும் என்கிறார்களே?

2023 ஆகஸ்டோடு அது முடிந்தது. அந்த விரிந்த தோற்றத்தை அரசு, சுகாதாரத் துறைகளின் நம்பகமான தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. வாங்குபவருக்கு உதவினால் வையுங்கள். கடைக்கு உதவுவது, கூகுள் படிப்பதற்காகப் பக்கத்தின் நிரலில் சேர்க்கும் பொருள் விவரக் குறியீடு: விலை, கையிருப்பு, மதிப்பீடு. பக்கத்தில் தெரியும் விலையும், குறியீட்டில் உள்ள விலையும், மெர்ச்சன்ட் சென்டருக்கு (கடைகள் கூகுளுக்குப் பொருள் விவரம் தரும் இடம்) போகும் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: “எப்படித் தேர்ந்தெடுப்பது” வகைக் கட்டுரைகளுக்கு நிறைய ஆள் வந்தது. இப்போது பார்வை (தேடலில் தெரியும் எண்ணிக்கை) அப்படியே இருக்கிறது, கிளிக் மட்டும் சரிந்துவிட்டது. ஏன்?

தேடல் பக்கத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது என்பதே முதலில் சந்தேகிக்க வேண்டிய காரணம். ஏ.ஐ. சுருக்கங்கள் 2024 மே மாதம் அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவின. பொது அறிவு விடை சொல்லும் கட்டுரைகளுக்குத்தான் அடி அதிகம். சராசரி இடம் மாறாமல் கிளிக் விகிதம் மட்டும் குறைந்திருந்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இடமும் இறங்கியிருந்தால் காரணம் வேறு.

இத்தகைய கட்டுரைகளைக் கிளிக் எண்ணிக்கையால் மதிப்பிடுவதை விடுங்கள். அந்தப் பக்கத்தில் நுழைந்தவர்களில் எத்தனை பேர் பொருள் பக்கத்துக்குப் போனார்கள் என்று பாருங்கள். நூற்றில் இரண்டு பேர்கூடப் போகவில்லை என்றால் அந்த வகையில் புதிதாக எழுதச் செலவிடாதீர்கள். இரண்டு மாடல்களை உண்மையான அளவு, எடை, உதிரிபாக விலையோடு ஒப்பிடும் பக்கங்களைச் சுருக்கமான விடையால் எளிதில் ஈடுசெய்ய முடியாது. பணத்தை அங்கே திருப்புங்கள்.

கேள்வி: பழைய பக்கங்கள் 1,200 கிடக்கின்றன. மொத்தமாக அழித்துவிடலாமா?

மொத்தமாக வேண்டாம். சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கிறது. திரையிலிருந்து இறக்கினால் 1,000 வரிதான் வரும், ஆகவே முகவரிக் குழு வாரியாக வடிகட்டி இறக்குங்கள், அல்லது ஏ.பி.ஐ. வழியாக எடுங்கள். கிளிக், ஆர்டர், வெளித்தளங்களிலிருந்து வரும் இணைப்பு ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் சேருங்கள்.

மூன்றும் பூஜ்யமா, நீக்கிவிடுங்கள். 404, 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) எதைக் காட்டினாலும் கூகுளுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வெளி இணைப்பு இருந்து, அதே தேவைக்கு வேறு நல்ல பக்கம் இருந்தால் அங்கே 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பல்). எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது வெகு பரவலான தவறு. தொடர்பில்லாத திருப்பலைக் கூகுள் பக்கம் இல்லாததற்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது, வாங்க வந்தவரும் குழம்பிப் போகிறார். சரக்கு தற்காலிகமாகத் தீர்ந்த பக்கத்தைத் தொடாதீர்கள். “கையிருப்பில் இல்லை” என்று காட்டி, அருகில் மாற்றுப் பொருளைத் தந்தால் போதும்.

ஒன்றும் எழுதாமல் சைட்மேப்பில் தேதியை மட்டும் புதுப்பிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தத் தேதி உண்மையான மாற்றத்தோடு ஒத்துப்போகாத தளத்தில் கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை.

கேள்வி: இவ்வளவுக்கும் பிறகு முயன்று பார்க்கலாம் என்றால் எத்தனை பக்கத்தில் தொடங்குவது?

ஒரே கேட்டகிரியில், லாப விகிதம் அதிகமுள்ள சரக்கில், 50 தேடல்களைப் பட்டியலிடுங்கள். சீட்டுக் குலுக்கி 10-ஐ ஒதுக்கி வையுங்கள், அவற்றுக்குப் பக்கம் போட வேண்டாம். மீதி 40-க்குப் போடுங்கள். எளிதானதை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சோதனை கெட்டுவிடும், அதற்குத்தான் குலுக்கல்.

ஏற்றுமுன் அந்த 50 தேடலுக்கும் கடையின் எல்லாப் பக்கங்களுக்கும் சேர்த்து எத்தனை கிளிக் வருகிறது என்று பதிவு செய்யுங்கள். கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர்களை வடிகட்டிவிடுங்கள். 16 வாரம் கழித்து அதே கணக்கை எடுங்கள். 40-இன் கூடுதலிலிருந்து, ஒதுக்கி வைத்த 10-இல் தானாக ஏற்பட்ட மாற்றத்தை விகிதப்படி கழித்தால் மிஞ்சுவதே பக்கங்களால் வந்தது. பண்டிகைக் காலமும் பொது ஏற்ற இறக்கமும் இதில் கழிந்துவிடும். 40 தேடல் சின்ன மாதிரி என்பதால், ஒரே ஒரு பக்கத்தால் முழுக் கூடுதலும் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

40-இல் 30-க்குக் குறைவாக இண்டெக்ஸ் ஆகியிருந்தால் அடுத்த தொகுதி வேண்டாம், பக்கத்தின் உள்ளடக்கத்தைத் திருத்துங்கள். இண்டெக்ஸ் ஆகியும் கிளிக் கூடவில்லை என்றால் தேர்ந்தெடுத்த தேடல்கள் உங்கள் கடைக்கு எட்டாதவை. கிளிக் கூடி ஆர்டர் கூடவில்லை என்றால் எழுதுபவரை விட்டுவிட்டு விலையையும் டெலிவரி நாளையும் பாருங்கள். ஆர்டரும் கூடினால் முதல் பதிலில் உள்ள கணக்கைப் போட்டு, போட்ட பணம் உங்கள் சரக்கின் ஆயுளுக்குள் திரும்புமா என்று பார்த்த பிறகு அடுத்த 100-க்குப் போங்கள்.