உள்ளி (வெள்ளைப்பூண்டு) சாப்பிட்டால் வேர்வை நாறுமா?

கொழும்பில் பல வருடங்களாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். ஆட்கள் எழும்பிக் கதவுவரை போய், குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. போன கிழமை வெள்ளவத்தையில் கூடியிருந்தவர்கள் கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேட்டார்கள்.

கேள்வி: அக்கா, 100ஆம் இலக்க பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கவே வெட்கமாக இருக்கிறது. நாளுக்கு இரண்டு தரம் குளிக்கிறேன். உள்ளியை விட்டால் சரியாகுமா?

பதில்: விட வேண்டாம், தங்கச்சி. புதிதாக வரும் வேர்வைக்குப் பெரிதாக மணம் கிடையாது. அக்குள் சுரப்பிகளின் கசிவை அங்கே வாழும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. கொழும்புக் காற்றின் ஈரத்தில் வேர்வை லேசில் காயாது. அந்தப் பாக்டீரியாக்களுக்கு அது வசதி.

உள்ளி வேறு வழியால் வருகிறது. அது செரிக்கும்போது உண்டாகும் அலைல் மெதைல் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் இரத்தத்தில் கலந்து, மூச்சிலும் தோலிலும் வெளியேறும். பல் தீட்டினாலும் மணம் நிற்பது அதனால்தான். பச்சை உள்ளியை நசுக்கி உள்ளங்காலில் தேய்த்தால்கூட, கொஞ்ச நேரத்தில் மூச்சில் தெரியும்.

ஆனால் செக் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 12 கிராம் உள்ளி சாப்பிட்ட ஆண்களின் அக்குள் மணத்தை முகர்ந்த பெண்கள், உள்ளி சாப்பிடாதபோது இருந்ததைவிட இது இதமானது என்றார்கள். 6 கிராமில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே வாயில் நாறுவது அக்குளிலும் நாறும் என்று நினைக்காதீர்கள்.

எனக்கு உங்கள் சட்டையில்தான் சந்தேகம். மழை நாளில் வீட்டுக்குள் காயப்போட்ட பொலியெஸ்டர் சட்டையை அயன் பண்ணும்போது, அக்குள் பக்கத்தை மணந்து பாருங்கள். பழைய நாற்றம் சூட்டோடு கிளம்பினால், பருத்திக்கு மாறுங்கள். வெயில் பட்டுக் காயவிடுங்கள்.

கேள்வி: சாராயம் குடித்தால் மறுநாளும் மணக்குமா?

பதில்: மணக்கும். பெரும்பகுதியை ஈரல் எரித்துவிடும். மிச்சம் மூச்சிலும் வேர்வையிலும் சிறுநீரிலும் போகும். சூயிங்கம் மறைக்காது, நேரம் போனால்தான் தீரும்.

கேள்வி: கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறேன். பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் ஊற வெந்தயம் கொடுக்கிறோம். தாயும் பிள்ளையும் சீனி கருகின மாதிரி மணக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, வெந்தயத்தில் சொட்டோலோன் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. அது வேர்வையிலும் சிறுநீரிலும் அப்படியே வரும். சொதிக்குப் போடும் அளவில் தெரியாது. தினமும் கரண்டிக் கணக்கில் ஊறவைத்துக் குடித்தால் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று பச்சைக் குழந்தைகளுக்கு வரும் அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதிலும் இதே மணம்தான். தாய் குடித்த வெந்தயத்தால் பிள்ளைக்கு அந்த நோயோ என்று மருத்துவர்கள் குழம்பியதும் உண்டு. அதனால் வெந்தயம் கொடுப்பதை டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், வெந்தய மணம்தானே என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: மெலிவதற்குச் சோற்றை நிறுத்தினேன். மூச்சில் கியூடெக்ஸ் அழிக்கும் திரவத்தின் மணம்.

பதில்: அது அசிட்டோன். மாச்சத்து இல்லாமல் கொழுப்பு எரியும்போது வரும். ஆனால் நீரிழிவுக்காரருக்கு இந்த மணத்தோடு தாகமும் சத்தியும் (வாந்தியும்) வந்தால் அவசர சிகிச்சை வேண்டும்.

கேள்வி: என்னிடம் எப்போதும் மீன் நாற்றம் என்று கூட வேலை செய்பவர்கள் விலகுகிறார்கள். நான் மீன் சாப்பிடாத நாளிலும் அப்படித்தான்.

பதில்: தம்பி, நீங்கள் அழுக்கானவர் இல்லை. மீன், முட்டை, ஈரல், பருப்பு வகைகளிலிருந்து குடல் பாக்டீரியாக்கள் ட்ரைமெதைலமின் என்ற மீன் மணமுள்ள பொருளை உண்டாக்கும். ஈரலில் ஒரு நொதி அதை மணமற்றதாக மாற்றிவிடும். அந்த நொதி சரியாக வேலை செய்யாத சிலரில் அது வேர்வையிலும் மூச்சிலும் வரும். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாது. சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள், உடம்புக்கு வேண்டிய சத்துக் குறைந்துவிடும். முதலில் வைத்தியரைப் பார்த்துவிட்டு, முடிவோடு என்னிடம் வாருங்கள். எதைக் குறைப்பது, எதை வைத்துக்கொள்வது என்று இருந்து எழுதுவோம்.