பூனைக்குக் கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள், எப்படித் தாங்குவது?

பதினோரு வயசுப் பூனை, வயிற்றில் கட்டி, டாக்டர் கேன்சர் என்று சொல்லிவிட்டார், வீட்டில் எல்லாரும் "வயசாயிடுச்சு, விட்டுடு" என்கிறார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் கேள்வி இவ்வளவுதான். இதற்கு வந்திருக்கும் பதில்களில் ஒருவர் தியானம் செய்யச் சொல்கிறார். இன்னொருவர் வேறு குட்டி எடுத்து வளர்க்கச் சொல்கிறார். அந்த இரண்டாவது பதிலைப் படித்த கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். பெரம்பூரில் எங்கள் வீட்டில் குண்டு என்று ஒரு ஆரஞ்சு நிறப் பூனை இருந்தான், அவனுக்குக் குடலில் லிம்போமா வந்தது, வெள்ளை அணுக்களில் ஆரம்பிக்கிற ஒரு வகைக் கேன்சர். அவனோடு பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் பூனைக்கு என்ன செய்வது என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நீ என்ன பெரிய டாக்டரா" என்று கீழே வந்து கேட்பார்கள்.

கேன்சர் என்ற வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழாதீர்கள். எந்தக் கேன்சர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து அழுங்கள். கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம், ஆனால் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. உங்களுடையது பெண் பூனையா? கட்டி தோலுக்குக் கீழே, காம்புக்குப் பக்கத்தில் கையில் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் மார்பகக் கட்டியாக இருக்கலாம். பூனைகளுக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் கெட்ட கட்டிதான். ஆனாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே ஆபரேஷன் செய்து எடுத்த பூனைக்கும் அதற்கப்புறம் எடுத்த பூனைக்கும் கிடைக்கும் காலம் ஒன்றில்லை. கட்டி உள்ளே குடலில் என்றால் பெரும்பாலும் லிம்போமா. அதிலும் இரண்டு விதம் உண்டு. பெரிய செல் வகை வேகமாக ஓடும், ஊசி மருந்துகள் கொடுத்தாலும் பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் பேச முடியும். சின்ன செல் வகை மெதுவானது. வீட்டிலேயே கொடுக்கும் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இரண்டு வருஷம், அதற்கு மேலும்கூட நன்றாக இருக்கும் பூனைகள் நிறைய. வெள்ளைப் பூனைகளுக்கு வெயில் பட்டுப் பட்டுக் காது நுனியில் ஆறாத புண் வருகிறதே, அதுவும் கேன்சராக இருக்கலாம். சீக்கிரம் பார்த்துக் காது மடலை எடுத்துவிட்டால் அது பாட்டுக்கு வாழும். வாய்க்குள் வருவது ரொம்பப் பொல்லாதது. இது எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சொல்லி "விட்டுடு" என்றால் எதை விடுவது?

குண்டுவுக்கு வந்தது சின்ன செல் வகை. தெரியவே நாளாயிற்று. அடிக்கடி வாந்தி எடுப்பான், முடி உருண்டை என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போவோம். அப்புறம் இளைக்க ஆரம்பித்தான். அஞ்சரைக் கிலோ இருந்தவன் நாலுக்குக் கீழே போய்விட்டான், பெயர் மட்டும் குண்டு. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) தொட்டுக்கூடப் பார்க்காமல் "வயசானா இளைக்கத்தான் செய்யும்" என்று புழு மருந்தும் வைட்டமின் சொட்டும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பப் போனபோது அதே சொட்டு, வேறு கம்பெனி. சரி என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். 1903 முதல் இருக்கிற கல்லூரி, கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா. நாய்கள் குரைக்கும், எங்கேயோ ஆடு கத்தும், நடுவில் நம் பூனை கூடைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். போகிறீர்கள் என்றால் கூடைமேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போங்கள், வெளியே எதுவும் தெரியாவிட்டால் பாதி பயம் குறையும். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட புரசைவாக்கம் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பூனைக்கா அக்கா இவ்ளோ தூரம்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. இறங்கும்போது கூடையை அவரே தூக்கிக் கொடுத்தார்.

ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருப்பது தெரிந்தது. ஆனால் குடல் அழற்சியிலும் அப்படித்தான் தெரியுமாம். சதை எடுத்துப் பரிசோதிக்காமல் இரண்டையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். சின்ன வயசுப் பெண் டாக்டர் ஒருவர், என் பழைய பில்லின் பின்பக்கத்தில் குடலை வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு எடுப்பார்கள் என்று பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பயப்படுகிறவளுக்கு "தைரியமா இருங்க" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மாத்திரை இரண்டு. ஒன்று பிரட்னிசோலோன், அது ஸ்டீராய்டு. இன்னொன்று குளோராம்புசில், மனுஷர்களுக்கு ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற அதே மாத்திரை. மருந்துக் கடைக்காரர் "பேஷண்ட் பேர்?" என்றார், "குண்டு" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தார். பில்லில் "திரு. குண்டு" என்று அச்சடித்துக் கொடுத்தார். இந்தக் குளோராம்புசிலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உடைக்கக் கூடாது, பொடி செய்யக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது. கழிவு மணலை அள்ளும்போதும் கையுறை வேண்டும். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் கிட்டேயே போகக் கூடாது. என் மாமியார், "தோசை மாவு பக்கத்துலயா கேன்சர் மாத்திரை வெக்கிறே?" என்று அலறிவிட்டார். எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சிவப்பு டேப் ஒட்டி, முட்டை வைக்கிற தட்டுக்கு மாற்றினோம். இடையிடையே ரத்தம் எடுத்து அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் குளோராம்புசிலும் கீமோ மருந்துதான். கீமோ என்றதும் உங்களுக்கு சினிமாவில் பார்த்த மொட்டைத் தலை ஞாபகம் வரும். பூனைக்கு அப்படிக் கொட்டாது, மீசை மயிர் சிலது உதிரலாம். பூனைக்குக் கொடுக்கும் அளவு, நோயை ஒழித்துக்கட்டுவதைவிட அது நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. தாங்குவது எப்படி என்று கேட்டீர்கள். எனக்குத் தாங்க முடியாமல் போனது நோய் இல்லை, மாத்திரை கொடுக்கிற வேலைதான். வேக வைத்த மீனுக்குள் மாத்திரையைப் பொதித்து வைப்பேன். மீனை நக்கித் தின்றுவிட்டு, அந்தச் சின்னப் பழுப்பு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி தரையில் விட்டுப் போவான். பிடித்து வாயைத் திறந்து போட்டால் நுரை தள்ளுவான். கொஞ்ச நாளில், நீலக் கையுறையை நான் எடுக்கும் சத்தம் கேட்டாலே வாஷிங் மெஷின் பின்னால் ஓடிவிடுவான். என் மடியில்தான் படுப்பவன், நான் உட்கார்ந்தால் எழுந்து போக ஆரம்பித்தான். அந்த வாரம் எனக்குக் கேன்சர் பெரிதாகத் தெரியவில்லை. இவனை நான் காப்பாற்றி, கடைசியில் என்னைப் பார்த்தாலே பயப்படுகிற பூனையைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேனா என்றுதான் இருந்தது.

அதனால் வேலையைப் பிரித்தோம். மாத்திரை என் பையன் பொறுப்பு. அவன் கொடுக்கும்போது நான் அந்த அறையிலேயே இருக்க மாட்டேன். சாப்பாடு, தலை சீவுவது, மடி, இதெல்லாம் நான். மாத்திரை கொடுக்கும் இடம் சமையல் மேடை மட்டும்தான். கட்டில்மேல் இருக்கும்போதோ தூங்கும்போதோ அவனை யாரும் பிடிக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். மாத்திரை உள்ளே போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். இப்படி மாற்றிய பிறகு குண்டு திரும்ப என் மடிக்கு வந்தான். பையனையும் அவன் வெறுக்கவில்லை, சமையல் மேடையைத்தான் வெறுத்தான். தனியாக இருப்பவர்களுக்கு ஆள் பிரிக்க வழியில்லை, தெரியும். இடத்தையாவது பிரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தால் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி ஆபத்தாகிவிடும். பசி எடுக்க மிர்டாசபின் என்று ஒரு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் காரப்பொடி மீனை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேக வைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வைப்போம். ஆறிப்போனால் தொட மாட்டான், வாசனை வந்தால்தான் வாய் வைப்பான். ஒரு விஷயத்தை உரக்கச் சொல்கிறேன்: வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும். வலிக்குப் பூனைக்கென்று தனி மருந்துகள் உண்டு. பூனை கர்ர் கர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு மடியில் படுத்திருப்பதால் வலி இல்லை என்றும் நினைக்காதீர்கள், வலியிலும் அது அந்தச் சத்தம் போடும்.

வீட்டார் விஷயத்துக்கு வருகிறேன். குண்டுவுக்கு சதை எடுக்க நாள் கொடுத்தது, தாம்பரத்தில் என் அண்ணன் கட்டிய வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று. நான் போகவில்லை. புருஷனையும் பையனையும் அனுப்பினேன், சீர் தட்டு அனுப்பினேன், முதல் நாளே போய்க் கோலம் வரை போட்டுவிட்டு வந்தேன். அதெல்லாம் கணக்கில் இல்லை. "பூனைக்கு ஆபரேஷனாம், அதான் வரலையாம்" என்று அண்ணி பந்தியில் சொல்லிச் சொல்லி, மாயவரம் சித்தி வரை போன் போட்டு விசாரித்தார். அண்ணன் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போகட்டும். அப்பா கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே அண்ணன் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார், டாக்டரிடம் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டார், சாயங்காலம் கிளம்பிவிட்டார். ராத்திரி முழுக்க அப்பா கையில் இருந்த ஊசியைப் பிடுங்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? அந்த சாத்துக்குடியைப் பிழிந்து கொடுத்தது யார்? அப்போது நான் ஆபீஸுக்குப் போட்ட லீவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்பிள்ளை செய்வாள், அவ்வளவுதான். பூனைக்கு லீவ் போட்டதும்தான் எல்லாருக்கும் என் லீவ் கணக்கு ஞாபகம் வந்தது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், அழிக்க மனசு வரவில்லை.

"மனுஷனுக்கே மருந்து வாங்க வழியில்லாத நாட்டில்" என்று ஆரம்பிக்கப்போகிறவர்களுக்கு: நான் நகை வாங்கியிருந்தால் கேட்டிருப்பீர்களா? செலவு ஆனது, பொய் சொல்லவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்தேன். கையில் இல்லாதவர்கள் கடன் வாங்கிச் செய்ய வேண்டும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். பிரட்னிசோலோன் மட்டும் கொடுத்து, வலி இல்லாமல், பிடித்ததைச் சாப்பிட வைத்து, இருக்கிற நாளை நல்லபடியாகக் கழிக்க வைப்பதும் சிகிச்சைதான். ஆனால் சதை பரிசோதனைக்குக் கொடுக்கும் முன்னால் அந்த மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம், ரிசல்ட் குழம்பிவிடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். எந்த வழி போவது என்று அதற்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

குண்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தான். பையன் அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவான், அப்புறம் தனியாக ஏறுவான், கழித்துப் பார்த்து ஃபிரிட்ஜ் கதவில் எழுதுவோம். நாலரை வரை திரும்ப வந்தது. கடைசியில் மருந்து கேட்காமல் போனது. நாங்கள் பார்த்தது ரிப்போர்ட்டை இல்லை. தானே மணலுக்குப் போகிறானா, உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறானா, வாஷிங் மெஷின்மேல் ஏறுகிறானா, மீன் வாசனைக்குத் தலையைத் தூக்குகிறானா என்றுதான் பார்த்தோம். நாலும் நின்றது. டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, அவன் நன்றாகத் தூங்கிய பிறகுதான் அடுத்த ஊசி. கீழ் வீட்டு அம்மா "கொலை பண்ணிட்டீங்களே" என்றார். மூச்சுக்குத் திணறித் திணறிச் சாகட்டும் என்று விடுவதற்குப் பெயர் புண்ணியம் என்றால் அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம். மாமியார்தான் அவரைப் பார்த்து, "வாயில்லா ஜீவன் பட்டது போதும், நீ உள்ளே போம்மா" என்றார். அபார்ட்மெண்டில் புதைக்க ஒரு சாண் மண் கிடையாது, எரிக்கத்தான் கொடுத்தோம். அண்ணன் வீட்டுப் பின்னால் மண் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. மிச்சமிருந்த குளோராம்புசிலைக் குப்பையிலோ சிங்க்கிலோ போடக் கூடாது என்பதால் டாக்டரிடமே கொடுத்துவிட்டேன். அதனால் "மீதி மாத்திரை இருந்தா தர முடியுமா" என்று தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள். இருந்தாலும் தர மாட்டேன், ரத்தம் பார்க்காமல் கொடுக்கிற மருந்து இல்லை அது.