நல்லவராக வாழ்ந்தால் போதாதா என்று தெருமுனைப் பிரசங்கியாரிடம் வாதிடலாமா?

கடலூர் பேருந்து நிலையத்தருகே கைப்பிரதி கொடுத்து, நல்லவராக இருந்தால் மட்டும் இரட்சிப்பு கிடைக்காது என்று பிரசங்கிப்பவரிடம் வாதிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாதிடலாம். பொது ஒழுங்குக்கு உட்பட்டு மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு அவருக்கு அளிப்பதைப்போல, மறுத்துப் பேசும் உரிமை உங்களுக்கும் உண்டு.

ஆனால் அவர் உங்கள் நடத்தையைக் குறைகூறவில்லை என்பதை முதலில் உணர வேண்டும். எல்லாரும் பாவம் செய்தவர்கள், மீட்பு கடவுளின் கிருபையால் வருவதேயன்றி நற்செயலுக்குக் கூலியன்று என்பது இயேசுவின் அப்போஸ்தலரான பவுலின் நிருபங்களில், அதாவது கடிதங்களில், உள்ள போதனை. அதே வேதாகமத்தில், கிரியையில்லாத, அதாவது செயலில்லாத, விசுவாசம் செத்தது என்கிறது யாக்கோபின் நிருபம். அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கு இரண்டு பணமும் கொடுத்த சமாரியனையே, விலகிப்போன ஆசாரியனுக்கும் ஆலயப் பணியாளனான லேவியனுக்கும் மேலாக இயேசு தம் உவமையொன்றில் காட்டுகிறார். பிரசங்கியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: நற்செயல் போதாதென்றால், அந்தச் சமாரியனை இயேசு ஏன் மேலாகக் காட்டினார்?

இதே மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலை, வருபவரின் சாதி, மதம் பாராமல் இன்றும் சோறிடுகிறது. ஒருவர் நல்லவர் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதைச் சொல்லிப் பிரசங்கியாரின் பதிலை முழுதாகக் கேளுங்கள்.