தோப்பில் ஏர் ரைபிள் பழக இலக்கு செய்வது எப்படி?

கேள்வி: மீனாட்சிபுரத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றுத் துப்பாக்கி) பழகுகிறாள். இலக்கை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் இலக்கு அட்டையைவிட அதன் பின்னால் இருப்பதுதான் முக்கியம். ஓரடி ஆழ மரப்பெட்டியில் பழைய சேலை, வேட்டிகளை விரல் நுழையாதபடி இறுக்கித் திணியுங்கள், 4.5 மி.மீ. ஈயப் பெல்லட் (குண்டு) அதற்குள்ளேயே நின்றுவிடும். அதற்கும் பின்னால் மணல் மூட்டைகளை ஆளுயரத்துக்கு மேல் அடுக்குங்கள். கல்லோ இரும்புத் தகடோ வேண்டாம், தெறித்துத் திரும்பும். தென்னையில் அட்டையை ஒட்டிச் சுடவே கூடாது: உருண்டை மரம், ஓரத்தில் பட்டால் பெல்லட் எங்கே போகுமென்று சொல்ல முடியாது. தேங்காய் வெட்டும் நாளில் பயிற்சியே வேண்டாம்.

போட்டி அட்டை 80 மி.மீ. சதுரம். கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ., நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெற்றுப் பக்கமே போதும். ஜெராக்ஸில் அளவு சுருங்காமல் பாருங்கள். நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

ஈயம் நஞ்சு. மாடு மேயும் இடத்தில் ஒன்றுகூடச் சிந்தவிடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே சுடட்டும், கை கழுவிய பிறகே சாப்பிடட்டும்.